குகையிருளில் பொழுதறிதல்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்றால் மாட்டுப்பட்டி வரும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. 1953இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும், 1963இல் சுவிட்சர்லாந்து நாட்டின் துணையோடு தொடங்கிய கால்நடை வளர்ப்புத் திட்டமும் அவ்வூரின் பெயரை வெளியே பரப்பின. ஆயினும் அங்கே காலைப்பொழுதை நடத்துவது தேயிலைதான். குளிர் விலகுமுன்னரே லயங்களில் விளக்கு எரியும். அடுப்புப் புகையும் மேகமும் ஒன்றாய்க் கலந்து நிற்கும். பிறகுதான் ஆலையின் சங்கு ஊதும். தலைமுறைகளுக்கு முன்னர் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஏறிவந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களே அங்குக் கொழுந்து பறிப்போரில் மிகப் பலர்.

நாம் அங்குத் தங்கியிருந்த ஒரு விடியலில், கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்ட முதிய அம்மையார் ஒருவரிடம், சங்கொலி கேட்டுத்தான் நாள்தோறும் விழிப்பதோ என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும் என்றும், மழைக்காலத்தில் மூன்று நாள் சூரியனைக் காணாவிட்டாலும் அந்த விழிப்பு தவறாது என்றும், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில்கூடப் படுக்கையில் கிடக்க முடிவதில்லை என்றும் சொன்னார். "உடம்புக்கே நேரம் தெரியும் ஐயா" என்பது அவர் முடிவுரை.

உடம்புக்கு நேரம் தெரியுமா? தெரியும் எனில் எப்படித் தெரியும்? இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சிகளுள் உலகம் மதித்த சில, அந்த அம்மையார் ஊருக்குச் செல்லும் வழியிலேயே நடந்தன. மாட்டுப்பட்டியிலிருந்து மதுரைக்குச் செல்வோர் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாய்ப் போடிமெட்டை அடைந்து, மலையிறங்கிப் போடி, தேனி, உசிலம்பட்டி கடந்து வருவர். மதுரை நெருங்குமுன் நாகமலைப் புதுக்கோட்டை அருகே, அதே சாலையோரத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேருந்தில் உறங்கியபடியே அதைக் கடந்துபோகும் நம்மவர் பலருக்கு, உறக்கத்தைப் பற்றியும் விழிப்பைப் பற்றியும் அங்கே நடந்த சோதனைகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு அவ்வரலாற்றைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

பொழுதை உயிரினங்களோடு இணைத்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. ஐந்திணைக்கும் பெரும்பொழுது, சிறுபொழுது வகுத்தது தொல்காப்பியம். மாட்டுப்பட்டி போன்ற மலைநிலமாகிய குறிஞ்சிக்கு அது தந்த சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. அரசனின் பாசறையில் நாழிகை வட்டிலில் நீரளந்து பொழுது சொன்னவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஆயினும் அந்த வட்டில் உடம்புக்கு வெளியே இருந்தது. உடம்புக்குள் ஒரு வட்டில் உண்டா என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு வித்திட்டது ஒரு புளியமரம் என்றால் நேயர்கள் வியப்பர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கப்பற்படைத் தலைவருள் ஒருவரான ஆண்ட்ரோஸ்தனீஸ், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் ஒரு மரத்தைக் கண்டார். அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. அவர் எழுதிய குறிப்பைத் தியோஃபிராஸ்டஸ் என்னும் கிரேக்க அறிஞர் தம் நூலில் சேர்த்துவைத்தார். அம்மரம் புளியே என்று பிற்காலத்தார் கண்டனர். நம் ஊர்ச் சிறுவர் எவரும் அறிந்த செய்திதான். மாலையில் புளியிலை மூடிக்கொள்வதைப் பார்த்திராத சிற்றூர்ப் பிள்ளை உண்டோ? ஆனால் பார்ப்பது ஒன்று, ஏன் என்று கேட்பது மற்றொன்று. அதைக் கேட்க மேலும் இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று.

1729இல் தெ மைரான் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் தொட்டாற்சிணுங்கி இனத்ததாகக் கருதப்படும் ஒரு செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். சூரியன் இல்லாமலே, அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன. இரவு நேரத்தில் குவிந்தன. செடிக்குள் கடிகாரம் இருக்கிறது என்று அவர் துணிந்து சொல்லவில்லை. சூரியனைக் காணாமலே செடி அதை உணர்கிறது என்ற அளவில் நின்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1832இல், தெ காந்தோல் என்னும் சுவிஸ் தாவரவியலார் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். இடைவிடாத விளக்கொளியில் வைத்த தொட்டாற்சிணுங்கி 24 மணிக்கு ஒருமுறை அல்லாமல், 22 அல்லது 23 மணிக்கு ஒருமுறை இலை விரித்தது. இது சிறு வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் வழக்கையே தீர்க்கவல்ல சான்று இது. வெளியேயிருந்து ஏதோ ஒன்று செடிக்கு நேரம் சொல்லியிருந்தால், அந்நேரம் உலகம் சுழலும் 24 மணியாகவே இருந்திருக்கும். பிசகும் கடிகாரமே சொந்தக் கடிகாரம்.

ஆயினும் வழக்கு தீரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியில் நடந்த ஒரு நிகழ்ச்சி சுவையானது. ரோஸ் ஸ்டோப்பல் என்னும் அம்மையார் ஹாம்பர்க் நகரில் அவரைச் செடிகளை இருட்டறையில் வைத்து ஆராய்ந்தார். நாள்தோறும் விடியற்காலை மூன்று, நான்கு மணியளவில் இலைகள் ஒரே நிலையை அடைந்தன. அறைக்குள் ஒளி இல்லை, வெப்பம் மாறவில்லை, ஆகவே வானிலிருந்து வரும் அறியாத விசை ஒன்று செடியை இயக்குகிறது என்று அவர் நம்பினார். எர்வின் ப்யூனிங், குர்ட் ஸ்டெர்ன் என்னும் இளைஞர் இருவர் அதையே வேறோரிடத்தில், ஒரு நிலவறையில், செய்து பார்த்தனர். அங்கே இலைகள் முற்பகலில் அந்நிலையை அடைந்தன. அவர்கள் நிலவறை தொலைவில் இருந்தது. ஆகவே செடிக்கு நீர்வார்க்க மாலையில்தான் போவார்கள். ஸ்டோப்பல் அம்மையாரோ காலையில் போவார். இருவரும் கையில் கொண்டுபோனது மங்கலான சிவப்பு விளக்கு. செடிக்குச் சிவப்பொளி தெரியாது என்று அந்நாளில் எண்ணியிருந்தனர். அந்த விளக்குதான் செடிக்கு விடியலாய் இருந்தது! விளக்கையும் விலக்கியபோது அவரைச்செடி 25.4 மணிக்கு ஒருமுறை தன் போக்கில் இலையசைத்தது.

இந்தப் பாடத்தைப் ப்யூனிங் மறக்கவில்லை. உயிர்க்குள் கடிகாரம் உண்டு; ஆனால் வெளியிலிருந்து வரும் மிகச் சிறிய சைகையும் அதன் முள்ளை நகர்த்திவிடும். வேறுபட்ட கால அளவுடைய அவரைச்செடிகளைக் கலந்து வளர்த்து, அக்கால அளவு பெற்றோரிடமிருந்து வழிவருவது என்றும் அவர் 1930களில் காட்டினார். அப்போதும் மறுப்போர் இருந்தனர். அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் பிரவுன், பூமியின் நுண்விசைகளே உயிர்களுக்கு நேரம் சொல்கின்றன என்று பல ஆண்டு வாதாடினார். அதைச் சோதிக்கச் சிலர் தென்துருவத்துக்கே போய், பூமி சுழலும் திசைக்கு எதிராகச் சுழலும் மேடையில் உயிரினங்களை வைத்துப் பார்த்தார்கள். அங்கும் அவற்றின் பொழுது மாறவில்லை. 1962இல் வெளியான முடிவு அது. இதற்கு முன்பே, 1959இல், பிரான்ஸ் ஹால்பர்க் என்பவர் இந்த இயக்கத்துக்குச் சர்க்கேடியன் என்று பெயரிட்டார். ஏறக்குறைய ஒரு நாள் என்பது அதன் பொருள். அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லில்தான் விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். மாரோளி கிருஷ்ணய்யா சந்திரசேகரன் 1937இல் பிறந்தவர். விலங்கியல் பயின்று, 1960களில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகருக்குச் சென்று ப்யூனிங்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். அங்கு அவர் எடுத்துக்கொண்ட உயிர், அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈக்களுள் ஓர் இனம். கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிப்படுவது எந்நேரத்திலும் நிகழ்வதன்று. விடியலை ஒட்டிய குறிப்பிட்ட பொழுதில் கூட்டங்கூட்டமாய் வெளிவரும். இருட்டில் வைத்தாலும் அந்தப் பொழுதை அது காக்கும். அவ்விருட்டினூடே சற்றுநேரம் ஒளி காட்டினால், ஈக்கள் வெளிவரும் நேரம் முந்தும் அல்லது பிந்தும். இரவின் முற்பகுதியில் காட்டிய ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும். பிற்பகுதியில் காட்டியது முன்தள்ளும். இந்தத் தள்ளலை அளப்பதே அவர் வேலை. 1967இல் அவ்வாய்வு அச்சில் வந்தது. இந்தச் சிறு ஈயை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது மீண்டும் வரும்.

1970களில் அவர் மதுரையில் இருந்தார். மேல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் செய்ததையே குறைந்த வசதியோடு இங்கும் திருப்பிச் செய்துகொண்டிருந்தவர்கள் பலர் அக்காலத்தில் உண்டு. சந்திரசேகரன் அவ்வாறு செய்யவில்லை. மதுரைச் சுற்றுப்புறத்தில் பாறைக்குன்றுகள் மிகுதி, பாறைக்குன்றில் குகை, குகையில் வௌவால். மேல்நாட்டார் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய ஒளிபுகா அறையை இயற்கை இங்கே இலவசமாய்த் தந்திருந்தது. இந்த ஒரு தேர்வில்தான் அவருடைய பெருமை இருக்கிறது என்பது நம் கருத்து.

இலைமூக்கு வௌவால் எனப்படும் சிறு வௌவால்கள் மதுரைக்கு அருகே ஓர் இயற்கைக் குகையில் பெருங்கூட்டமாய் வாழ்ந்தன. பூச்சிகளே அவற்றின் உணவு. குகையின் உட்பகுதியில் பகலென்றும் இரவென்றும் இல்லை, எப்போதும் காரிருள், வெப்பமும் ஏறக்குறைய மாறாது. ஆயினும் ஒவ்வொரு மாலையும் கதிரவன் மறையும் வேளையில் அவை புறப்பட்டுவிடும். வானத்தைக் காணாத இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பவைக்கு மாலை வந்த செய்தியைச் சொன்னவர் யார்?

சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களான மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும் செய்த சோதனை எளிமையானது. ஒரு வௌவாலைப் பிடித்துக் கூண்டிலடைத்து, குகைக்குள் அதன் கூட்டத்தார் நடுவிலேயே வைத்தனர். கூண்டிலிருந்து அது வெளியேற முடியாது; ஒளியையும் காண முடியாது. அது எப்போது பறக்கத் துடிக்கிறது, எப்போது அடங்குகிறது என்பது பதிவு செய்யப்பட்டது. நாட்கள் பல சென்றும் அது பிசகவில்லை. வெளியே கூட்டம் பறக்கும் நேரத்தில் கூண்டிலும் சிறகடித்தது; கூட்டம் திரும்பிய பொழுதில் அடங்கியது. அடுத்து, வௌவாலே இல்லாத வேறொரு குகையில் ஒரு வௌவாலைத் தனியே வைத்தனர். இருளும் வெப்பமும் முன்போலவே. இல்லாதது உறவு ஒன்றே. அந்த வௌவாலின் கடிகாரம் நின்றுவிடவில்லை. ஆனால் 24 மணியிலிருந்து விலகித் தன் போக்கில் ஓடத் தொடங்கியது. நாள் செல்லச்செல்ல அதன் மாலை வேறு, ஊரின் மாலை வேறு ஆயிற்று.

ஆகவே குகைக்குள் சிறைப்பட்ட வௌவாலுக்குப் பொழுது சொன்னவை போய்வந்த வௌவால்களே. அவை எழுப்பும் ஒலியும் போக்குவரவும் அதற்கு விடியலும் அந்தியுமாயின. 1978இலும் 1981இலும் ஜெர்மன் ஆராய்ச்சி இதழ்களில் இம்முடிவுகள் வெளிவந்தன. ஒளியே உயிர்களின் முதன்மையான பொழுதுகாட்டி என்று உலகம் கருதியிருந்த நாளில், சுற்றமும் பொழுதுகாட்டியாகலாம் என்பதற்கு இத்துணைத் தெளிவான சான்று வேறு இடத்தில் கிடைத்தது அரிது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்த ஒலியாயினும் போதுமா? எந்த வௌவாலாயினும் போதுமா? வேறோர் இனத்து வௌவாலைப் பிடித்து, இலைமூக்கு வௌவால்கள் வாழும் அதே குகையில் கூண்டில் வைத்தனர். சுற்றிலும் ஆரவாரம், போக்குவரவு குறையவில்லை. ஆனால் அந்த அயலினத்து வௌவால் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. 1983இல் வெளியான செய்தி இது. மொழி தெரியாத ஊரில் சந்தை இரைச்சலுக்கு நடுவே தனித்திருந்த அனுபவம் நேயர்கள் சிலருக்கு இருக்கலாம். அதை இதனோடு ஒப்பிடுவது விஞ்ஞானமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் இச்சோதனையைப் படித்தபோது அந்நினைவு வராமல் இல்லை.

அந்த ஆய்வுக்கூடம் ஒளியையும் விட்டுவிடவில்லை. விண்மீன் ஒளியைவிட மங்கிய பகலொளியும் ஒரு வௌவாலின் கடிகாரத்தைத் திருத்தப் போதும் என்று 1982இல் ஜோஷியும் சந்திரசேகரனும் எழுதினர். இரண்டு ஆண்டு கழித்து, ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்வெட்டொளியும் அதன் முள்ளை நகர்த்தும் என்று காட்டினர். கண்ணிமைக்கும் நேரம் என்கிறோம். இது அதனினும் மிகச் சிறியது.

1985இல் வெளியான இன்னொரு சோதனையே பொதுமக்கள் மனத்தைத் தொடக்கூடியது. நம் வயல்களில் வளை தோண்டி வாழும் சிறு எலி ஒன்று உண்டு. அதன் குஞ்சுகள் வளையின் இருட்டில் பிறப்பவை, பகலிரவு அறியாதவை. விசுவநாதனும் சந்திரசேகரனும் அக்குஞ்சுகளைப் பகலிரவு மாறுபாடு இல்லாத சூழலில் வைத்து, தாயை 12 மணிநேரம் உடனிருக்க விட்டு, அடுத்த 12 மணிநேரம் பிரித்தனர். மீண்டும் சேர்த்தனர், மீண்டும் பிரித்தனர். தாயின் வருகையும் பிரிவுமே குஞ்சுகளுக்குப் பகலும் இரவுமாயின. அவற்றின் கடிகாரம் அதற்கேற்ப ஓடியது. உலகின் தலையாய விஞ்ஞான இதழ்களுள் ஒன்றான நேச்சர் அதை வெளியிட்டது. நம் நாட்டு வயலெலி லண்டன் இதழில் இடம்பெற்றது அவ்வாறுதான்.

மனிதனை விட்டுவிட்டு வௌவாலையும் எலியையும் மட்டும் ஆராய்வதா? மேற்கு ஜெர்மனியில் ஆஷாஃப் என்னும் பேராசிரியர் 1960களில் நிலவறை அமைத்து மனிதர்களை வாரக்கணக்கில் தனித்திருக்கச் செய்தார். பொழுதுகாட்டி என்ற கருத்தைப் பெயரிட்டு வழங்கியவரும் அவரே. மதுரைப் பல்கலைக்கழக வளாகத்திலும் அத்தகைய தனிமைக்கூடம் ஒன்று அமைந்தது. சன்னல் கிடையாது, கைக்கடிகாரம், செய்தித்தாள், வருகையாளர் எவையும் கிடையா. வானொலிக்கும் அங்கே இடமில்லை. மணிக்கொருமுறை நேரம் சொல்லிவிடும் பொல்லாத கருவி அல்லவா அது! தாமே முன்வந்த தொண்டர்கள் அதற்குள் தங்கினர். தமக்கு இரவென்று தோன்றியபோது விளக்கணைத்துப் படுத்தனர்; பகலென்று தோன்றியபோது எழுந்தனர்.

இவ்வாறு தனித்திருப்போரின் நாள் 24 மணியைவிடச் சற்றே நீள்வது பொதுவழக்கம். சிலரிடம் விந்தையான பிளவு ஒன்றும் நேரும். உடல்வெப்பத்தின் ஏற்றவிறக்கம் ஒரு கணக்கில் ஓட, உறக்கமும் விழிப்பும் வேறு கணக்கில் மிக நீண்டு ஓடும். மதுரையில் ஒரு பெண்மணி தங்கியிருந்தபோது, அவருடைய உறக்க விழிப்புச் சுற்றோடு மாதவிடாய்ச் சுற்று பிணைந்து ஓடவில்லை என்று கண்டு 1991இல் எழுதினர். உடம்பில் ஒரு கடிகாரம் அன்று, பல கடிகாரங்கள் உள்ளன என்ற எண்ணத்துக்கு இதுபோன்ற சான்றுகளே அடிப்படையாயின. மனிதரின் உள்நாள் முன்னர் எண்ணியதுபோல் 25 மணியன்று, 24 மணிக்குச் சில நிமிடங்களே கூடுதலானது என்று 1999இல் அமெரிக்காவில் மிகக் கவனமாக அளந்து திருத்தினர். முன்னைய சோதனைகளில் தொண்டர்கள் தாமே விளக்கேற்றி அணைத்ததே அந்தக் கூடுதலுக்குக் காரணம். ஸ்டோப்பல் அம்மையாரின் சிவப்பு விளக்கு இங்கும் வந்துவிட்டது!

இதுவரை சொன்னவை யாவும் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்த கதை. பெட்டியைத் திறந்து உள்ளே உள்ள சக்கரத்தைப் பார்த்த கதை வேறோரிடத்தில் நடந்தது. அதற்கும் பழ ஈதான் உதவியது. சந்திரசேகரன் ஆராய்ந்த ஈயின் நெருங்கிய உறவினம் அது. கலிபோர்னியாவில் சீமோர் பென்சரிடம் மாணவராயிருந்த ரொனால்ட் கொனோப்கா, நஞ்சூட்டிப் பிறழச்செய்த ஈக்களின் வழித்தோன்றல்களை ஆயிரக்கணக்கில் பார்த்தார். அவற்றுள் பொழுதே அறியாத ஈ ஒன்று, நாள் 19 மணியாய் இருந்த ஈ ஒன்று, 28 மணியாய் இருந்த ஈ ஒன்று என மூவகை கிடைத்தன. மூன்றிலும் பழுதுற்றது ஒரே மரபணு. 1971இல் அதற்குப் பீரியட் என்று பெயரிட்டனர்.

அம்மரபணுவைத் தனியே பிரித்தெடுக்க 1984 வரை ஆயிற்று. ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் ஆகியோர் ஓரிடத்திலும், மைக்கேல் யங் மற்றோரிடத்திலும் போட்டியிட்டு அதைச் செய்தனர். அது எவ்வாறு பொழுதளக்கிறது என்பதை நாம் ஒரு தறியறையைக் கொண்டு விளக்கலாம். உயிரணுவின் கருவுக்குள் இருப்பது தறி. அதன் கட்டளைப்படி வெளியே நெய்யப்படும் துணி பீரியட் புரதம். மாலையில் நெசவு தொடங்கி இரவில் துணி குவிகிறது. குவிந்த துணி, டைம்லெஸ் என்னும் மற்றொரு புரதத்தின் கைப்பிடித்து, கருவுக்குள்ளேயே திரும்பிச் சென்று தறியறைக் கதவை அடைத்துவிடுகிறது. நெசவு நிற்கிறது. துணி சிறிது சிறிதாய் நைந்து அழிகிறது. அழிந்தபின் கதவு தானே திறக்கிறது. மறுநாள் நெசவு தொடங்குகிறது. செய்த பொருளே செய்தொழிலை நிறுத்துவதும், அது அழிந்தபின் தொழில் மீள்வதும் ஆகிய இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரமே ஒரு நாள்.

ஒரு நாள் நீளுமளவுக்கு இது மெல்ல நடப்பது ஏன் என்ற ஐயம் எழும். 1998இல் யங் கூட்டத்தார் கண்ட டபிள்டைம் என்னும் மரபணு அதற்கு விடை. அதன் புரதம், புதிதாய் நெய்த துணியைக் குவியவிடாமல் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே போதுமான அளவு சேர நேரம் பிடிக்கிறது. காலையொளியின் வேலையும் இப்போது விளங்கிவிட்டது. ஒளி பட்டால் டைம்லெஸ் புரதம் அழிகிறது. கைப்பிடிக்கத் துணை இல்லாத பீரியட் புரதமும் நிலைப்பதில்லை. ட்யூபிங்கனில் சந்திரசேகரன் ஒளிகாட்டி ஈயின் பொழுதை முன்னும் பின்னும் தள்ளியபோது, அவர் அறியாமலே தள்ளியது இந்தப் புரதங்களின் கணக்கைத்தான்.

மனித உடம்பிலும் இதே தறி சற்று விரிந்த அமைப்போடு உள்ளது. தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட மிகச் சிறிய இடத்தில் இருப்பதாக 1972இல் கண்டனர். ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. மாலை ஏழரை மணிக்கே உறக்கம் தாங்காமல் விழுந்து விடியுமுன் எழுந்துவிடும் ஒரு குடும்பத்தாரிடம், பீரியட் இனத்து மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருந்ததை 2001இல் கண்டறிந்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியவர்கள் எத்தனை பேரோ!

2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. பென்சர் 2007இலும், கொனோப்கா 2015இலும் மறைந்துவிட்டனர். இறந்தவர்க்கு அப்பரிசு இல்லை. ப்யூனிங் 1990இலேயே காலமாகிவிட்டார். மதுரைக்குப் பின் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் பணிபுரிந்து, அங்கும் மாணவர் பரம்பரை ஒன்றை உருவாக்கிய சந்திரசேகரன் 2009இல் மறைந்தார். அவர் மரபணுவைத் தேடியவர் அல்லர்; தேடியதாக நாம் மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. சக்கரத்தைக் கண்டவர்கள் வேறு. அந்தக் கடிகாரத்துக்கு யார் யார் சாவி கொடுக்கிறார்கள் என்று கண்டவர் அவர். மரபணுக் கதை உலகமெங்கும் பரவிய அளவுக்கு மதுரைக் குகையின் கதை தமிழிலே பரவவில்லை என்பதே நம் குறை.

இவை வெறும் அறிவுக்களிப்புக்கு உரியவை அல்ல. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவருள் இரவுக் காவல் புரிவோர், மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் தாதியர், ஆலைகளில் முறைமாற்று வேலை பார்ப்போர், கடல்கடந்த வாடிக்கையாளருக்காக நள்ளிரவில் தொலைபேசியில் பேசுவோர் பலர். ஈரல் உறங்கும் நேரத்தில் உணவு கொடுத்து, மூளை விழிக்கும் நேரத்தில் கண்ணை மூடச்சொல்கிறது அவ்வாழ்க்கை. உள்ளே உள்ள கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பிணங்குகின்றன. உடலின் பொழுதைக் குலைக்கும் இரவுப்பணி பெரும்பாலும் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. வாரந்தோறும் முறையை மாற்றுவதைவிட ஒரே முறையில் சில காலம் நிறுத்துவது நலமா, முறையை எந்தத் திசையில் மாற்றுவது நலம் என்றெல்லாம் இன்று பேசப்படுவது இந்த ஆராய்ச்சிகளின் பயனே. வேலை கொடுப்போர் இவற்றைக் கேட்டறிய வேண்டும். தொழிலாளர் கேட்டுப் பெறவும் வேண்டும்.

மாட்டுப்பட்டி அம்மையாருக்கு இரவுப்பணி இல்லை. நாம் விடைபெறும் நாளில் இந்தக் கதையைச் சுருக்கி அவரிடம் சொன்னோம். வௌவால் செய்தியை விட்டுவிட்டு அவர் எலிக்குஞ்சுக்கே வந்தார். தாயைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டார். 12 மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள் என்றோம். அப்போது சரி என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்யும் சரிவுகளுக்கு அப்பால், இரவிகுளத்துப் புல்மலைகளில், வேறொரு கடிகாரம் இருக்கிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைமுழுதும் ஒன்றாய்ப் பூத்து, விதையுதிர்த்து மடிகிறது. 1994, 2006, 2018 என்பன அண்மைய பூப்புகள். ஒரு நாளில் நெய்து ஒரு நாளில் அழியும் பீரியட் புரதத்தைக் கொண்டு 12 ஆண்டை எண்ண முடியாது. அந்தப் பெட்டியைத் திறந்து சக்கரத்தைக் காட்டியவர் இன்னும் ஒருவரும் இல்லை. கணக்கின்படி அடுத்த பூப்பு 2030இல்.